சம்பளப் பதிவேடு வெளியே போகும் வழிகள்

ஒருவர் புதிதாக ஒரு நிறுவனத்தில் சேர்ந்து முதல் வாரத்துக்குள் ஒப்படைக்கும் விவரங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், அவற்றில் பாதி அவருடைய உடன்பிறந்தவர்களுக்கே தெரிந்திருக்காது. ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், முந்தைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ரத்தப் பிரிவு, மனைவி அல்லது கணவரின் பிறந்த தேதி, பிள்ளைகளின் பெயர், பெற்றோரின் வயது, தனக்கு ஏதாவது நேர்ந்தால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற நாமினி விவரம் என எல்லாவற்றையும் அவர் கொடுத்துவிடுகிறார். அவரைப் பொறுத்தவரை இவை அனைத்தும் 'கம்பெனியிடம்' இருக்கின்றன. சென்னையில் சில நிறுவனங்களின் மனிதவளப் பிரிவில் சம்பளக் கணக்குப் பார்த்து வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவற்றில் எதுவும் கம்பெனியிடம் மட்டும் இருப்பதில்லை.

சட்டம் கேட்பதால் போகிறவை முதல் வகை. வருங்கால வைப்பு நிதி அலுவலகத்துக்கும், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்காக இ.எஸ்.ஐ. கழகத்துக்கும், வருமான வரித் துறைக்கும் விவரங்களை அனுப்பாமல் எந்த முதலாளியும் தொழில் நடத்த முடியாது. அதைப் பற்றிப் புகார் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான் எழுத வந்தது மற்ற வகையைப் பற்றி. சம்பளக் கணக்கைப் போட்டுத்தரும் பேரோல் நிறுவனம், பின்புலத்தைச் சரிபார்க்கும் நிறுவனம், குழு மருத்துவக் காப்பீட்டை ஏற்பாடு செய்யும் தரகர், காப்பீட்டு நிறுவனம், அதன் சார்பில் கிளெய்ம்களைப் பார்க்கும் டி.பி.ஏ., சம்பளக் கணக்கு வைத்திருக்கும் வங்கி, வேன் ஓட்டும் ஒப்பந்ததாரர், உணவு அட்டை தரும் நிறுவனம், வருகைப் பதிவு மென்பொருள் விற்றவர், தணிக்கையாளர், வாடிக்கையாளர் நிறுவனத்தின் ஆய்வாளர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இவர்களில் பெரும்பாலோர் நேர்மையாகவே வேலை செய்கிறார்கள். சிக்கல் அவர்களுடைய நேர்மையில் இல்லை. எவ்வளவு விவரம், எந்த வடிவில், எத்தனை காலத்துக்குப் போகிறது என்பதை யாரும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை என்பதில்தான் இருக்கிறது.

நடைமுறையில் அது எப்படி நடக்கிறது என்றால், மனிதவளப் பிரிவில் 'மாஸ்டர்' என்ற பெயரில் ஒரு எக்செல் கோப்பு இருக்கும். ஊழியர் எண்ணில் தொடங்கி நாமினி வரை நாற்பது ஐம்பது கட்டங்கள் அதில் ஓடும். உணவு அட்டை நிறுவனத்துக்குத் தேவைப்படுவது பெயர், ஊழியர் எண், கைபேசி எண் ஆகிய மூன்றும்தான். ஆனால் வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு 'உடனே அனுப்புங்கள்' என்று கேட்கப்படும்போது, வேண்டாத கட்டங்களை நீக்கி ஒரு புதிய கோப்பைத் தயாரிக்கிற பொறுமை யாருக்கும் இருக்காது. கட்டங்களை மறைத்துவிட்டு, அதாவது அழிக்காமல் 'ஹைட்' செய்துவிட்டு, அதே கோப்பை மின்னஞ்சலில் இணைத்துவிடுவார்கள். பெறுகிறவர் வலது பொத்தானை அழுத்தினால் ஆதார் எண்ணும் சம்பளமும் மீண்டும் தெரியும். கோப்புக்குக் கடவுச்சொல் இட்டு, அந்தக் கடவுச்சொல்லையே அடுத்த மின்னஞ்சலில் அதே முகவரிக்கு அனுப்பும் வழக்கத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். தகவல் திருட்டு என்றதும் முகமூடி அணிந்த ஹேக்கரைப் படமாகப் போடுகிறார்கள். நான் பார்த்தவரை, கசிவுக்கு வழி திறந்துவிடுவது இந்த வியாழக்கிழமை மாலைதான்.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே தகவல் வெளியே போவதோடு நிற்பதில்லை. போன இடத்தில் பெருகி, முதலாளியிடமே திரும்பியும் வருகிறது. ஊழியரின் குடும்பத்தார் பெயரும் வயதும் தரகர் வழியாகக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் டி.பி.ஏ.வுக்கும் போகின்றன. ஆண்டு முழுவதும் யார் எந்த மருத்துவமனையில் எதற்காகச் சேர்ந்தார்கள் என்ற விவரம் அங்கே சேர்கிறது. பாலிசியைப் புதுப்பிக்கும் நேரத்தில் தரகர், பிரீமியம் ஏன் உயர்கிறது என்று விளக்குவதற்காக ஒரு அறிக்கை அனுப்புவார். நிறுவனத்துக்குத் தெரிய வேண்டியது மொத்தத் தொகை, பிரசவத்துக்கு எவ்வளவு, பெற்றோர் சிகிச்சைக்கு எவ்வளவு என்ற அளவில்தான். ஆனால் அந்த அறிக்கையின் இரண்டாவது தாளில் ஒவ்வொரு கிளெய்மும் ஒரு வரியாக இருக்கும்: ஊழியர் பெயர், நோயாளி அவருக்கு என்ன உறவு, மருத்துவமனை, நோயின் பெயர், தொகை. ஒரு நிறுவனத்தில் அந்தத் தாள் திரையில் ஓடிக்கொண்டிருந்தபோது, நிதிப் பிரிவைச் சேர்ந்த ஒருவர், 'இந்த டயாலிசிஸ் கேஸ் ஒண்ணுதான் நம்ம ரேஷியோவைக் கவுத்துடுச்சு' என்றார். கட்டிய பிரீமியத்துக்கும் பெற்ற கிளெய்ம் தொகைக்கும் உள்ள விகிதத்தைத்தான் அவர் சொன்னார். அந்த ஊழியரின் மேலாளரும் அதே அறையில்தான் இருந்தார். பதவி உயர்வுப் பட்டியல் பேசப்படவிருந்த மாதம் அது. அதனால் அந்த ஊழியருக்கு ஏதாவது இழப்பு ஏற்பட்டதா என்று என்னால் நிறுவ முடியாது. அவராலும் ஒருபோதும் நிறுவ முடியாது. இந்த வகைத் தீங்கின் இயல்பே அப்படித்தான்.

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று தரகர்கள் சொல்வதுண்டு. அறுபது பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் 'தாய், வயது 58, சிறுநீரகம்' என்ற வரிக்குப் பெயர் தேவையில்லை. சிறிய நிறுவனங்களுக்கு நோய்வாரியான விவரத்தையே தரக்கூடாது என்பது என் கருத்து. மொத்தத் தொகையை வைத்துக்கொண்டு பிரீமியத்தைப் பேரம் பேச முடியாதவர்கள் நோயின் பெயரை வைத்துக்கொண்டும் பேசப்போவதில்லை.

இரவுப் பணிக்கு வரும் பெண்களுக்கு நிறுவனமே வாகனம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது நல்ல விதி. ஆனால் அதற்காகத் தயாராகும் டிரிப் ஷீட்டில் பெயர், கைபேசி எண், வீட்டு முகவரி, இறங்கும் நேரம் ஆகிய நான்கும் ஒரே தாளில் இருக்கும். பழைய மகாபலிபுரம் சாலையில் ஓடும் வாகனங்களில் அந்தத் தாள் முன்கண்ணாடிக்கு அடியில் நாள்கணக்கில் கிடப்பதைப் பார்க்கலாம். ஓட்டுநர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். தாள் இப்போது வாட்ஸ்அப் குழுவில் படமாகவும் சுற்றுகிறது. வீட்டு வாசலில் இறங்காமல் தெருமுனையிலேயே இறங்கிக்கொள்ளும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் தங்களுக்கான தரவுப் பாதுகாப்பைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். எண்ணைக் காட்டாமலேயே ஓட்டுநரும் பயணியும் பேசிக்கொள்ளும் வசதியைச் சில நிறுவனங்கள் செயலி வழியாகச் செய்திருக்கின்றன. அதற்கு ஆகும் செலவு பெரியதல்ல.

ஒப்பந்தத் தொழிலாளர்களின் நிலை இன்னும் மோசம். ஒப்பந்ததாரர் பி.எஃப். கட்டிவிட்டாரா என்று உறுதி செய்துகொள்ள, அந்தத் தொழிலாளர்களிடம் வேலை வாங்கும் முதன்மை நிறுவனம் அவரிடம் மாதந்தோறும் இ.சி.ஆர். எனப்படும் கணக்குத் தாளின் நகலைக் கேட்கும். கேட்பது நியாயம்தான், கட்டாவிட்டால் அந்தப் பொறுப்பு முதன்மை நிறுவனத்தின் தலையில்தான் விழும். ஆனால் ஒரே பி.எஃப். குறியீட்டின் கீழ் ஐந்து தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரர், ஐந்து இடங்களுக்கும் அதே முழுத் தாளையே அனுப்புகிறார். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஆலையில் நிற்கும் தொழிலாளியின் பெயர், யு.ஏ.என். எனப்படும் பி.எஃப். எண், ஊதியம் ஆகியவை அவர் காலடி வைக்காத நான்கு ஆலைகளின் கோப்பிலும் உட்கார்ந்திருக்கும். திருப்பூரில் வெளிநாட்டு பிராண்டுகளின் சார்பில் வரும் ஆய்வாளர்கள் வயதுச் சான்றையும் ஊதியப் பதிவேட்டையும் பார்ப்பது தொழிலாளியின் நலனுக்காகத்தான். பார்ப்பதோடு நிற்காமல் கைபேசியில் படம் எடுத்துச் சென்றால் அந்தப் படங்கள் எங்கே, எத்தனை காலம் இருக்கும் என்று கேட்கும் நிலையில் அங்கே யாரும் இல்லை.

வெளியாருக்குத் தகவல் அனுப்பும் தருணமே எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இங்கிலாந்தின் மாரிசன்ஸ் பல்பொருள் அங்காடி வழக்கைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 2013 நவம்பரில் வெளித் தணிக்கையாளரான கே.பி.எம்.ஜி. நிறுவனம் ஊழியர்களின் சம்பள விவரங்களைக் கேட்டது. அதைத் திரட்டி அனுப்பும் வேலை உள் தணிக்கைப் பிரிவில் மூத்த நிலையில் இருந்த ஒருவரிடம் தரப்பட்டது. சில மாதங்களுக்கு முன் தன்மீது எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கையால் அவர் மனக்கசப்பில் இருந்தார். கேட்டபடி கே.பி.எம்.ஜி.க்கு அனுப்பிவிட்டு, தனக்கென்று ஒரு நகலையும் எடுத்துக்கொண்டார். 2014 ஜனவரியில் ஏறக்குறைய 1 லட்சம் ஊழியர்களின் பெயர், முகவரி, பிறந்த தேதி, தொலைபேசி எண், தேசியக் காப்பீட்டு எண், வங்கிக் கணக்கு, சம்பளம் ஆகியவற்றை இணையத்தில் ஏற்றினார். மார்ச்சில், நிறுவனத்தின் நிதி முடிவுகள் வெளியாகும் நாளில், மூன்று செய்தித்தாள்களுக்குக் குறுந்தகடுகளாகவும் அனுப்பினார். செய்தித்தாள்கள் அவற்றை வெளியிடவில்லை. அவற்றில் ஒன்று நிறுவனத்துக்குத் தகவல் தந்தது. 2015இல் அவருக்கு எட்டு ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

பிறகு 9,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஊழியர் செய்த தவறுக்கு முதலாளியும் பொறுப்பு என்றன. 2020 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அந்த மனிதர் தம் சொந்தப் பழியைத் தீர்த்துக்கொண்டாரே தவிர முதலாளியின் வேலையைச் செய்யவில்லை, ஆகவே இதற்கு நிறுவனம் பொறுப்பாகாது என்று தீர்ப்பளித்தது. சட்டக் கோட்பாட்டின்படி அந்தத் தீர்ப்பைக் குறை சொல்வது கடினம். ஆனால் சம்பளப் பிரிவில் உட்கார்ந்திருந்த ஒருவனாக எனக்கு உறுத்துவது வேறொன்று: முழுப் பணியாளர் தொகையின் விவரமும் ஒரே கோப்பாக, ஒரே மனிதரின் கணினியில், ஒரு வெளியாருக்கு அனுப்புவதற்காக வந்து நின்றது. தணிக்கைக்கு மாதிரியாகச் சில நூறு பேரின் விவரம் போதாதா என்று யாராவது கேட்டிருந்தால் இந்த வழக்கே இருந்திருக்காது.

அந்த வழக்கில் கசிந்தது உள்ளிருந்தவரால். 2023இல் நடந்தது சங்கிலியின் மறுமுனையில். பிரிட்டிஷ் ஏர்வேஸ், பி.பி.சி., பூட்ஸ் ஆகியவை ஜெல்லிஸ் என்ற பேரோல் நிறுவனத்திடம் சம்பள வேலையைக் கொடுத்திருந்தன. ஜெல்லிஸ் கோப்புகளை அனுப்பிப் பெற மூவ்இட் என்ற மென்பொருளைப் பயன்படுத்தியது. அந்த மென்பொருளில் இருந்த ஒரு ஓட்டை வழியாகக் குற்றக் கும்பல் உள்ளே புகுந்தது. பி.பி.சி. ஊழியர் ஒருவர் தம் வாழ்நாளில் மூவ்இட் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்.

இனி நம் சட்டத்துக்கு வருகிறேன். 2011 முதல் நம்மிடம் இருந்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் அதன் கீழ் வந்த விதிகளும். வங்கி விவரம், உடல்நிலை, மருத்துவப் பதிவு, கைரேகை போன்றவற்றை உணர்வுநுட்பமான (சென்சிட்டிவ்) தகவல் என்று தனியே பிரித்து, அவற்றை வெளியாருக்குத் தருவதற்கு முன் அனுமதி வேண்டும், அல்லது ஒப்பந்தத்திலேயே அதற்கு இசைவு இருக்க வேண்டும் என்று அவை சொல்லின. அலட்சியத்தால் இழப்பு ஏற்பட்டால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் உண்டு. நடைமுறையில் பணி நியமனக் கடிதத்தின் பதினான்காவது பத்தியில் ஒரு வரியைச் சேர்த்து நிறுவனங்கள் இதைக் கடந்துவிட்டன.

2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சில வகைகளில் வலுவானது. அதன் 8ஆம் பிரிவு, வெளி நிறுவனம் ஒன்றிடம் வேலையைக் கொடுத்தாலும் பொறுப்பு முதலாளியிடமே இருக்கும், எந்த ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொன்னாலும் அது மாறாது என்கிறது. முறையான ஒப்பந்தம் இல்லாமல் தரவை யாரிடமும் கையாளக் கொடுக்கக் கூடாது. தேவை முடிந்தபின் தானும் அழித்து, அந்த வெளி நிறுவனமும் அழிக்கும்படி செய்ய வேண்டும். கசிவு ஏற்பட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். தக்க பாதுகாப்பு இல்லையென்றால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். 2025 நவம்பரில் விதிகள் வெளியானபோது, இந்தக் கடமைகளுக்கு நிறுவனங்கள் தயாராவதற்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது.

ஆனால் இதே சட்டத்தின் 7ஆம் பிரிவில், வேலைவாய்ப்புத் தொடர்பான நோக்கங்களுக்காக ஊழியரின் ஒப்புதல் இல்லாமலேயே தரவைக் கையாளலாம் என்று ஒரு உட்பிரிவு இருக்கிறது. அதை நான் முழுவதும் எதிர்க்கவில்லை. சம்பளம் கொடுப்பவர் நீட்டும் தாளில் 'சம்மதம்' என்று கையெழுத்திடுவது சம்மதமே அல்ல; கையெழுத்திட மறுத்தால் வேலை இல்லை. அந்த நாடகத்தை விட்டுவிட்டு, தேவைப்படுவதைச் சட்டமே அனுமதிப்பது நேர்மையான வழிதான். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. தன் தரவு எந்தெந்த நிறுவனங்களோடு பகிரப்பட்டது என்று பெயரோடு கேட்டுப் பெறும் உரிமை 11ஆம் பிரிவில் இருக்கிறது; அந்த உரிமை ஒப்புதல் கொடுத்தவருக்கு, அல்லது தானாக முன்வந்து தரவைக் கொடுத்தவருக்குத்தான் உண்டு. ஒப்புதல் கேட்கப்படாத ஊழியருக்கு அது இல்லை. திருத்தக் கோரும் உரிமையும் அழிக்கக் கோரும் உரிமையும் அப்படியே. சம்மதம் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்றால், எடுத்தது எங்கே போனது என்று சொல்ல வேண்டிய கடமை கூடுதலாக அல்லவா இருக்க வேண்டும்?

இன்னொரு குறையும் உண்டு. அபராதத் தொகை அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. இழப்பீடு தந்த பழைய 43ஏ பிரிவை இந்தப் புதிய சட்டமே நீக்குகிறது. ஊழியரின் விவரம் கசிந்து, அவர் பெயரில் யாரோ கடன் வாங்கிவிட்டால், நிறுவனம் அரசுக்குப் பணம் கட்டும். ஊழியர் காவல் நிலையத்துக்கும் வங்கிக்கும் அலைவார். நோய் விவரம், கைரேகை போன்றவற்றுக்கென்று இருந்த தனி வகையும் புதிய சட்டத்தில் இல்லை. உணவு அட்டைக்குப் போன கைபேசி எண்ணும் டயாலிசிஸ் விவரமும் அதன் பார்வையில் ஒன்றே.

ஐரோப்பாவில் இந்தக் கேள்வி நேரடியாகவே நீதிமன்றத்துக்குப் போனது. ஆஸ்திரிய அஞ்சல் நிறுவனத்துக்கு எதிராக ஒருவர் தொடுத்த வழக்கில், தரவைப் பெற்றவர்களை 'விளம்பரத்துறையினர்', 'தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள்' என்று வகையாகச் சொன்னால் போதாது, அவரவர் அடையாளத்தைச் சொல்ல வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023 ஜனவரி 12 அன்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர் அங்கே ஊழியர் அல்லர், ஆனால் அந்த விதி ஊழியருக்கும் பொருந்தும். நம் நாட்டிலேயே இதைவிடக் கண்டிப்பான சட்டம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை: 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், வேலைக்கு முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதையே தடை செய்கிறது. ஒருவரின் தொற்று நிலையை வெளியிட எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும் என்கிறது. தகவலை வைத்திருக்கும் நிறுவனம் அதைப் பாதுகாக்கவும் கடமைப்பட்டது. ஒரு நோய்க்கு முடிந்தது மற்றவற்றுக்கு ஏன் முடியாது என்று சட்டம் எழுதியவர்களைக் கேட்க வேண்டும்.

சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் ஒரு நிறுவனம் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குச் செலவே இல்லை: எந்த வெளி நிறுவனத்துக்கு, எந்தெந்த விவரம், எதற்காக, எப்போது அழிக்கப்படும் என்று ஒரே பக்கத்தில் எழுதி ஊழியர்களுக்குத் தெரியும்படி வைப்பது. இதைச் சொன்னதும் மனிதவள மேலாளர்கள், 'தேவையில்லாத பயத்தைக் கிளப்பும்' என்பார்கள். உண்மையில் அந்தப் பக்கத்தை எழுத உட்காரும்போதுதான் நிறுவனத்துக்கே விஷயம் புரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் விலகிய வருகைப் பதிவு நிறுவனத்திடம் கைரேகைகள் இன்னும் இருக்கின்றன, உணவு அட்டைக்காரருக்குப் பிறந்த தேதி போய்க்கொண்டிருக்கிறது, பழைய தரகரின் மின்னஞ்சலில் மூன்று ஆண்டு குடும்ப விவரங்கள் கிடக்கின்றன என்றெல்லாம் அப்போது வெளிவரும். ஆதார் நகல் கேட்கப்படும் இடத்தில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரே போதுமா என்று பார்ப்பதும், கட்டங்களை மறைக்காமல் அழித்துவிட்டு அனுப்புவதும் அதே நாளில் தொடங்கக்கூடியவை.

ஊழியர் தரப்பில் செய்யக்கூடியது குறைவு, ஆனால் பூஜ்ஜியம் அல்ல. குறை சொல்லிப் பதில் பெறும் உரிமை புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் இருக்கிறது. அது ஒப்புதல் கொடுத்தவர், கொடுக்காதவர் என்று பிரிக்கவில்லை. இதைவிடச் சுவையான ஒரு வழி பின்புலச் சரிபார்ப்பில் ஒளிந்திருக்கிறது. கல்லூரி, பழைய முதலாளி, நீதிமன்றப் பதிவு, வீட்டு முகவரி ஆகியவற்றை விசாரிக்கும் நிறுவனங்கள் எச்சரிக்கையாக, வேலைக்கு விண்ணப்பித்தவரிடம் ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கின்றன. ஒப்புதல் வாங்கியதால் அந்தத் தரவைப் பொறுத்தவரை 11ஆம் பிரிவின் கதவு திறக்கிறது என்பது என் வாசிப்பு. அந்தப் படிவத்தைக் காட்டி, என் விவரம் யார் யாரிடம் போனது என்று முதலாளியிடம் கேட்க முடியும். ஆகவே அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். நிறுவனங்களின் வழக்கறிஞர்களுக்கும் இது தெரியும் என்பதால், அவகாசம் முடிவதற்குள் பல படிவங்களிலிருந்து 'சம்மதம்' என்ற சொல் காணாமல் போய், 7ஆம் பிரிவு என்ற சொல் அங்கே வந்து உட்கார்ந்தால் எனக்கு வியப்பு இருக்காது. வேலைக்குச் சேரும்போது தரும் படிவத்தில் இந்த இரண்டில் எது அச்சாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.